சீமாட்டிக்கு வகிடு எடுத்தவர்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் மலை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அப்படி. வாசலில் நுழையும்போது ஒரு தோளை முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம்தான் மற்றதைக் கொண்டுபோவார். கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்கும் பெரிய கிரேனை ஓட்டுவது வேலை. கீழேயிருந்து பார்த்தால் அவர் உட்காரும் கண்ணாடி அறை தீப்பெட்டி மாதிரி தெரியும். அங்கிருந்து ஒரு வீட்டளவு இரும்புப் பெட்டியை லாரியின் மேல் இறக்குவார். பெட்டி வந்து உட்கார்ந்தது லாரிக்காரருக்குத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். அந்த விஷயத்தில் அவருக்கு உள்ளுக்குள் கர்வம் உண்டு. வெளியே சொன்னதில்லை. பேச்சே குறைவு.

அவர் வீட்டில்தான் சீமாட்டி வளர்ந்தது. மகள் கொண்டுவந்த நாய். மகளுக்கு வேலை, நாய்களைக் குளிப்பாட்டி முடி திருத்தி அனுப்பும் கடையில். இரண்டு கைக்குள் அடங்குகிற குட்டியாக அதை அவள் தூக்கி வந்தபோது அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். பிடிக்காமல் இல்லை. மிதித்துவிடுவோமோ என்ற பயம். அன்றிலிருந்து வீட்டுக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்தே நடந்தார். தரை பளபளப்பாகிவிட்டது என்று மனைவி சிரிப்பாள்.

சீமாட்டியின் அழகெல்லாம் முடியில் இருந்தது. முதுகில் இரும்பின் நீலச் சாம்பல், முகத்திலும் கால்களிலும் தேன் நிறம். பிடரியிலிருந்து வால்வரை நேர்வகிடு. அதற்கு இரண்டு பக்கமும் முடி வழவழவென்று இறங்கித் தரையைத் தொடும். மற்ற நாய்களின் முடியைப் போல ஓர் அளவோடு நிற்பதில்லை, மனிதத் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். சீவாமல் விட்டால் காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும் சிக்கு விழும். விழுந்த சிக்கு தோலோடு ஒட்டி, பஞ்சு மெத்தை போலாகிவிடும். அதனால் மகள் தினமும் உட்கார்ந்து சீவுவாள்.

“இந்த வீட்ல எனக்கு வகிடு எடுக்க நேரமில்ல. மகாராணிக்கு மட்டும் தினம் அலங்காரம்” என்பாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் கொடுப்பாள்.

நகரத்தில் வருடத்துக்கு ஒருமுறை நாய்க் கண்காட்சி நடக்கும். மகள் இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். முடி இன்னும் தரை தொடவில்லை என்றார்கள். இந்த வருடம் தொட்டுவிட்டது. பெயர் கொடுத்தாகிவிட்டது. வாசலில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அம்மாவே சொல்லியும் ஆகிவிட்டது. அந்த நேரத்தில்தான் கடையில் ஒரு பெரிய நாயைக் குளிப்பாட்டும்போது மகள் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இடது கையால் சீப்பை எடுத்தாள். சீமாட்டியை மடியில் பிடித்து வைக்க ஒரு கை வேண்டும், சீவ ஒரு கை வேண்டும். நாய் நழுவி நழுவி இறங்கியது. கடையில் உதவி கேட்கலாமென்றால் கண்காட்சிக்கு முந்தைய வாரங்களில் அங்கே மூச்சுவிட நேரமிருக்காது. நாள் போகப் போகக் காதுக்குப் பின்னால் முதல் சிக்கு விழுந்தது.

அம்மாதான் சொன்னாள், முடியை ஒட்ட வெட்டிவிட்டால் நாய்க்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று. மகள் தலையை மட்டும் ஆட்டினாள். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், மாட்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் கண்ணைப் பார்த்த அப்பா மட்டும் சரியாகப் புரிந்துகொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டை நகர்த்தினார்.

“வெட்ட வேண்டாம். நான் சீவுறேன்.”

மனைவி அவர் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலும் ஒரு முள்ளங்கி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய்ச் சீப்பை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

முதல் நாள் படுதோல்வி. காய்ந்த முடியில் சீப்பை வைத்து மேலிருந்து கீழே ஓர் இழு இழுத்தார். சீமாட்டி கத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது. கம்பிப் பற்களில் நீளநீளமாக நான்கைந்து முடி தொங்கியது. அதைப் பார்த்து மனிதர் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் ஒரு பெட்டியின் மூலைகூட நசுங்காமல் இறக்கியவர்.

மகள் கோபப்படவில்லை. பெட்டியைத் தூக்குவதற்கு முன்னால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

“கம்பி விறைக்கிற வரைக்கும் மெதுவா ஏத்துவேன். விறைச்சதும் ஒரு நிமிஷம் நிறுத்துவேன். ஆட்டம் அடங்கணும்ல.”

“அதேதான்ப்பா. சீப்பு எங்க தடுக்குதோ அங்க நிறுத்துங்க. வேர்ப்பக்கம் விரலால பிடிச்சிக்கோங்க, இழுப்பு தோலுக்குப் போகக் கூடாது. அப்புறம் நுனியிலேருந்து கொஞ்சம் கொஞ்சமா மேல வாங்க.”

புரிந்துவிட்டது. ஆனால் கைக்கு வர வேண்டுமே. சீமாட்டியிடம் மறுபடி தவறு செய்ய அவருக்குத் துணிச்சலில்லை. மறுநாள் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஜன்னலோரம் நின்றாள். சுருட்டை முடி, இடுப்புவரை, ஈரத்தில் நன்றாகச் சிக்கியிருந்தது. அவர் முக்காலியை இழுத்துப் போட்டு, கொஞ்சம் உட்காரேன் என்றார். எதற்கு என்றாள். உட்காரேன் என்றார் மறுபடியும்.

அன்றைக்கு அவர் நுனியிலிருந்து ஆரம்பித்தார். தடுத்த இடத்தில் நிறுத்தினார். வேர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, சிக்கின் உள்ளே விரல் நுனியை விட்டு, இரண்டாகப் பிரித்து, அதையும் இரண்டாகப் பிரித்தார். வலித்தால் சொல்லச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெகு நேரம் கழித்து, “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் தலையில ஒரு கிளிப்பு மாட்டி விட்டதில்ல. கடைசில நாய் புண்ணியத்துல நடக்குது” என்றாள். ஆனால் முடிந்த பிறகும் உடனே எழுந்திருக்கவில்லை. மகள் சீப்பைத் தூக்கிப் பற்களைப் பார்த்தாள். அதில் ஒரு முடிகூட இல்லை.

அதற்குப் பிறகு சீமாட்டி அவர் கைக்குப் பழகியது. வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுவார். பழைய துண்டை மடியில் விரிப்பார். காய்ந்த முடியைச் சீவினால் ஒடியும் என்பதால் முதலில் பனி விழுவதுபோலத் தண்ணீர் தெளிப்பார். பிறகு நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, வயிற்றோரம் ஒரு மெல்லிய வரிசையை மட்டும் விட்டுவிட்டு மீதி முடியை மேலே ஒதுக்குவார். அந்த வரிசை வேர்வரை சுத்தமான பிறகே அடுத்ததை இறக்குவார். குளிப்பாட்டும்போது தேய்ப்பதில்லை; நுரையை மேலிருந்து கீழே வழித்துவிடுவார். துவட்டும்போதும் துண்டால் ஒற்றி எடுப்பதோடு சரி. நாய் அவர் கையிலேயே தூங்கிவிடும். வகிடு மட்டும் அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மகள் எதிரே உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் ஒரு நூல் இடது பக்கம், ஒரு நூல் வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கடைசியில் அவர் தன் முறையில் செய்தார்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மேலேயிருந்து நேர்க் கீழே பார்த்து, சீப்பின் வாலால் ஒரே கோடு. மகள் ஒரு நூல்கூடத் திருத்தவில்லை.

கண்காட்சி நாளில் மூன்று பேரும் சீமாட்டியோடு பேருந்தில் போனார்கள். பெரிய கூடம். வரிசை வரிசையாக மேசைகள், உலர்த்தும் கருவிகளின் இரைச்சல், ஈர நாய் வாசனை. பக்கத்து மேசையில் ஒரு பெண்மணி. வருடா வருடம் முதல் பரிசு ரிப்பனை வாங்கிக்கொண்டு போவதால் ரிப்பன்காரம்மா என்று பெயர். அவருடைய நாய் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

இவர்கள் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சீமாட்டி நாற்காலிக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தது. நெஞ்சு முடியில், யாரோ நாற்காலியில் ஒட்டிவிட்டுப் போன சூயிங்கம். இழுக்க இழுக்க நூல் விட்டது. மகளின் முகம் வெளுத்துவிட்டது. வெட்டி எடுத்தால் நெஞ்சு நடுவில் ஒரு பள்ளம். அப்படியே போனால் நடுவர் அதைத்தான் முதலில் தொடுவார். அம்மா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.

அப்பா அந்தக் கத்தரிக்கோலை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஐஸ் எங்கே கிடைக்கும் என்று மகளைக் கேட்டார். கேட்டது பக்கத்து மேசைக்குக் கேட்டுவிட்டது. ரிப்பன்காரம்மா தன் குளிர்பானப் பெட்டியைத் திறந்து ஒரு கை நிறைய ஐஸ் கட்டிகளை எடுத்துக் கொடுத்தார். இறுகினால் நொறுங்கும், அவசரப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

அவர் அவசரப்படவில்லை. ஐஸை ஒட்டிப் பிடித்தார். சூயிங்கம் கல்லானதும் நகத்தால் ஒரு துணுக்கு, பிறகு இன்னொரு துணுக்கு. வேர்ப்பக்கம் இரண்டு விரலால் கவ்வியிருந்தார். ஒலிபெருக்கியில் இவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். மகள் அவர் தோளைத் தொட்டாள். அவர் நிமிரவில்லை. கடைசித் துணுக்கு உதிர்ந்ததும் ஈரத்தை ஒற்றி எடுத்து, ஒருமுறை சீவிவிட்டார். நெஞ்சு முடி மீண்டும் ஒரே வீழ்ச்சியாக இறங்கியது.

அப்போதுதான் மகள் சொன்னாள், நாயை மேசையில் தூக்கி வைக்கத் தன்னால் முடியாது, நீங்கள்தான் உள்ளே போகவேண்டும் என்று. எவ்வளவு உயரத்திலும் பதறாத மனிதருக்கு போட்டி நடக்கும் பச்சைக் கம்பளத்தில் கால் வைக்க வியர்த்தது. போனார். கழுத்து நாடாவைப் பிடித்துக்கொண்டு அவர் ஓட, அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் சீமாட்டி மிதந்துகொண்டு வந்தது. கூட்டத்தில் சிரிப்பலை எழுந்தது. நாய் திரும்பிப் பார்க்காமல் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்ததைக் கண்டதும் சிரிப்பு மெல்லக் கைதட்டலானது.

நடுவர் ஒல்லியான வயதான மனிதர். மேசையில் நின்ற சீமாட்டியின் முடியை அங்கங்கே பிரித்துத் தோலைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். கக்கத்திலும் பார்த்தார். பிறகு நுனியை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

“நுனிகூட ஒடியாம இருக்கு. யார் பராமரிக்கிறாங்க?”

“என் பொண்ணுங்க. எல்லாம் அவ சொல்லித் தந்தது. கை மட்டும் என்னுது.”

நடுவர் அந்தக் கைகளைப் பார்த்தார். கயிற்றுக்கு வெளியே கட்டோடு நின்ற பெண்ணையும் பார்த்தார். தலையசைத்துவிட்டு அடுத்த நாயிடம் போனார்.

முதல் பரிசு வழக்கம்போல ரிப்பன்காரம்மாவுக்கு. அந்த நாயின் நடை அப்படி; யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டாவது சீமாட்டிக்கு. நீல ரிப்பனை அப்பா வாங்கிய விதத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு கையையும் சேர்த்து நீட்டி, கண்ணாடிச் சாமானை வாங்குவதுபோல வாங்கினார். நேராக வந்து மகள் கழுத்தில் போட்டார்.

“இது நாய்க்குப் போடுறதுப்பா” என்றாள் அவள். ஆனால் கழற்றவில்லை. ஒரு கையால் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பாதிச் சுற்றுக்குத்தான் கை எட்டியது. பக்கத்தில் நின்ற யாரிடமோ அம்மா சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தப் பெரிய உருவம் என் வீட்டுக்காரர்தான், எனக்கும் அவர்தான் தலை சீவுவார் என்று.

திரும்பும் பேருந்தில் அவர் மடியில் சீமாட்டி தூங்கியது. எதிர் இருக்கைக்காரர் வெகுநேரமாகப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகாக எந்தக் கடையில் செய்கிறார்கள் என்று கேட்டார். மகள் வாயெடுப்பதற்குள் அப்பா முன்னால் சாய்ந்தார்.

“கடையில இல்லைங்க. நானும் என் பொண்ணும்தான். காய்ஞ்ச முடியைச் சீவவே கூடாது, அதான் முதல் விஷயம்” என்று ஆரம்பித்தார். எதிர் இருக்கைக்காரர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்து போனது. அவரும் எழுந்திருக்கவில்லை, இவரும் நிறுத்தவில்லை. அப்பா இவ்வளவு பேசி மகள் பார்த்ததே இல்லை. கட்டுப்போட்ட கையை ஜன்னலோரம் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள்.