அத்தையின் ழகரம்

…நாற்றமும் இல்லை, யாரும் இல்லை, நாத்தனார், அவ்வளவுதான், இதைக் கேட்டு எழுத ஒரு மென்பொருளுக்கு இவ்வளவு திண்டாட்டமா? ‘எங்க நாற்றம் யார் வந்தா வீடே கலகலன்னு இருக்கும்’ என்று வீடியோவின் அடியில் வரி ஓடியது. நாளை மதியம் அந்த நாத்தனாரே முன்வரிசையில் உட்கார்ந்து இதைப் படித்திருந்தால் வீடு நன்றாகவே கலகலத்திருக்கும். மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். ஒரு சொல்லைத் தொட்டால் அடுத்த நான்கு வரிகள் நகர்ந்துவிடுகின்றன, சித்தப்பா வாயைத் திறக்கும்போது அத்தை பேசியது வருகிறது, அதை இழுத்து இடத்தில் வைப்பதற்குள் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறது, சேமிக்கிறதாம்… என்னத்தைச் சேமிக்கிறது, என் உயிரையா? பேசுவதைத் தானே எழுதிவிடும், நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் போதும் என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான் பாவி. ஒரு பார்வையாம். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்விட்டது, தேநீர் ஆறி ஆடை கட்டிக் கிடக்கிறது.

எல்லாம் மாமாவுக்காக. மாமனாருக்குக் காது போய் இரண்டு வருடமாகிறது, கருவி வைத்துக்கொள்ள மாட்டார், டிவியில் எழுத்து ஓடினால்தான் அவருக்குச் செய்தியே. நாளை அவருக்கும் அத்தைக்கும் கல்யாணமாகி நாற்பது வருடம், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் பேசி அனுப்பியதைக் கோத்துப் பெரிய திரையில் போடலாம் என்று யோசனை சொன்னது அவள் கணவன், யோசனை சொல்வதோடு அவன் வேலை முடிந்தது, “நீதான் கம்ப்யூட்டர்ல புலியாச்சே” என்று புலியின் தலையில் கட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். மற்றவர்கள் பேசியதைக்கூட ஒருவழியாகத் தேற்றிவிடலாம். அத்தை பேசியதுதான்… அத்தை வாயில் ழ வராது. பழம் பலமாகும், கிழமை கிலமையாகும். ‘கட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு ஒரே மலை, ரெண்டு பேரும் மலையில நனைஞ்சுக்கிட்டே வந்தோம்’ என்று எழுதி வைத்திருக்கிறது இந்தக் கழுதை. மழை, மழை, இரண்டு இடத்திலும் மழை. சரி, அடுத்தது… ‘அன்னிலேர்ந்து எனக்கு வழி தெரியாம பாத்துக்கிட்டாரு இவரு.’ வழி இல்லையே, வலி, வலி தெரியாமல் பார்த்துக்கொண்டார். அவள் விரல் தன்பாட்டுக்கு ழவை அழித்து லவைப் போட்டது.

போட்ட பிறகுதான் சுருக்கென்றது. மழை என்ற இடத்தில் மலை என்று எழுதியதே, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறதே, இங்கே மட்டும் எப்படி ழ? அவள் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினாள். அத்தை சொல்கிறார், சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். இன்னொரு முறை. அது என்ன சிரிப்பு? வலி என்றால் சரிதான், அத்தைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனபோது மாமா ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாரே, பொய்யில்லை, அவளே பார்த்தாள். ஆனால்… பேங்குக்கா, அவர். கடைக்கா, அவர். அத்தையின் அக்கா வீட்டுக்குப் போவதென்றாலும் அவர் கூட்டிப்போனால்தான் உண்டு. “அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நான் பாத்துக்கறேன்” என்பார் மாமா. போன மாதம் மாமா படுத்துக்கிடக்க, மருந்து வாங்கத் தனியாகக் கிளம்பிய அத்தை, இரண்டு தெரு தள்ளி எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றதை வைத்து வீடே சிரித்தது. அத்தையும் சிரித்தார். இதே சிரிப்பா? நாளை அத்தனை பேர் முன்னால் மாமா படிக்கப்போவது எது, ஒரு எழுத்துதான், ஒன்றில் மனிதர் பூரித்துப்போவார், இன்னொன்றில் முகம் செத்துவிடும். அதை நான் முடிவு செய்ய வேண்டுமா? என் தலையெழுத்தா?

“அத்தை, கொஞ்சம் வாங்களேன்.”

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “என்னம்மா, இன்னும் முடியலையா?”

“இங்க நீங்க சொன்னது வலியா, வழியா?”

“வலிதான்.”

“எந்த வலி? நோகுமே அதுவா, நடந்து போறதா?”

“அதான் சொல்றேனே, வலின்னு.”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் மறுபடி ழவைப் போட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். “சரியாத்தானே இருக்கு.” அவள் ழவை எடுத்துவிட்டு லவைப் போட்டாள். அதையும் அத்தை அவசரமில்லாமல் படித்தார், திரையில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுவும் சரிதான்” என்றார், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய்விட்டார்.

இதற்கு அந்த மென்பொருளே தேவலை. யாரைக் கேட்பது, எதைப் போடுவது, மாமா சந்தோஷப்பட வேண்டுமா அத்தை சொன்னது சொன்னபடி இருக்க வேண்டுமா, அத்தை சொன்னதுதான் என்ன… போன் அடித்தது. கணவன்.

“முடிஞ்சுதா?”

“ஒரு எழுத்துல நிக்குது.”

“ஒரு எழுத்துக்கா இவ்வளவு நேரம்? நீ ஏன் இதுக்குப் போய் மண்டைய உடைச்சுக்கறே. விடு, நான் வந்து பாத்துக்கறேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவன் வைத்துவிட்டான். அவள் திரையைப் பார்த்தாள். காலையிலிருந்து அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பாள், வலியா வழியா என்று மாரடித்தாளே தவிர, பக்கத்திலேயே இருந்த ‘பாத்துக்கிட்டாரு’வை அவள் ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.