சல்லடைக்குத் தப்பியவள்

வேலை கிடைத்து ஒரு மாதமாகியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கனவா நனவா என்று கையைக் கிள்ளிப் பார்க்காத குறைதான். பல்கலைக்கழகத்தில் கடைசித் தாழ்வாரம், கடைசி அறை. கதவில் 'செயற்கை நுண்ணறிவு: அறமும் சட்டமும்' என்று பலகை. பக்கத்து அறைக்காரர்கள் அதற்கு வைத்த பேர் 'மனசாட்சித் துறை'. மதியமானால் உயரமான ஜன்னல் வழியே மரநிழல் வந்து அவள் மேஜைமேல் படுத்துக்கொள்ளும். அவளும் அதோடு சேர்ந்து மிதப்பாள். இப்படி மிதப்பதற்குப் பேர் ஆராய்ச்சியாம், கேட்டுக்கொள்ளுங்கள்!

இதே வேலைக்கு அக்காவும் விண்ணப்பித்திருந்தாள். இரண்டு பேருமே சட்டம் படித்தவர்கள். ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி பிடுங்கித் திருத்தி அனுப்பினார்கள். தங்கைக்கு நேர்காணல் வந்தது, அக்காவுக்கு வரவில்லை. "என் மூளையைத் தாங்கற மாதிரி அவங்ககிட்ட ரூம் இல்லடி" என்று அக்கா சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் குளிக்கப் போய் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா என்ன?

துறைத்தலைவி அவளுக்குக் கொடுத்த முதல் வேலை ஒரு சோதனை. வேலைக்கு வரும் விண்ணப்பங்களை வடிகட்ட நிர்வாகம் ஒரு மென்பொருள் வைத்திருந்தது. எல்லாரும் அதைச் சல்லடை என்பார்கள். அது நியாயமாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனசாட்சித் துறைக்கே அதுதான் ஆள் சலித்துக் கொடுத்தது, அது மட்டும் ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. என்ன கொடுமை பாருங்கள்.

சோதிக்கும் முறை சுலபம். ஒரு விண்ணப்பத்தை எடுத்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, திரும்ப உள்ளே விட வேண்டும். அவள் தன்னுடையதையே எடுத்தாள். ஊரை மாற்றினாள், வயதை மாற்றினாள். சல்லடை அசைந்து கொடுக்கவில்லை, அவள் முதல் வரிசையிலேயே நின்றாள். அப்புறம் அரைத்தூக்கத்தில் என்ன தோன்றியதோ, நடுவில் மூன்று வருஷம் 'வீட்டில் அப்பாவைக் கவனித்துக்கொண்டேன்' என்று ஒரு வரி சேர்த்தாள்.

திரையில் அவளைக் காணோம். மேலே தேடினாள், கீழே தேடினாள், எங்கேயும் இல்லை. மரநிழல் மேஜையில் ஆடிக்கொண்டிருந்தது. தான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த மூன்று வருஷம் அக்காவுடையது. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, "நீ போய்ப் படி, நான் பாத்துக்கறேன்" என்று இவளை ஹாஸ்டலுக்குத் துரத்தியவள் அவள்தான். இவள் விண்ணப்பம் அவ்வளவு வழவழப்பாக இருந்ததே அதனால்தான்.

உள்ளதை எழுதினால் இவளை வேலைக்கு எடுத்த தேர்வே செல்லாது, இவள் வேலையும் போகும். எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பனிமூட்டத்தில் தெருவிளக்குகள் தரையில்லாமல் தொங்கிக்கொண்டிருக்க, வீடு வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். இவள் சொன்னதைக் கேட்டதும் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. கிடைச்ச வேலையை எவளாவது உதறுவாளா?"

"அது தப்பு பண்ணுதுக்கா."

"பண்ணிட்டுப் போகட்டும். நம்மள்ல ஒருத்தியாவது உள்ள போனோமே!"

"உனக்குக் கோபமே வரலையா?"

அக்கா ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

"நான்தான் லாயக்கில்லைன்னு நினைச்சேன்டி" என்றாள். "இத்தனை நாளா, நிஜமாவே, அப்படித்தான் நம்பிட்டிருந்தேன்."

அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? தேய்த்த துணிகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, ஒன்று விடாமல் எழுதி, துறைத்தலைவிக்கு அனுப்பினாள். நாளைக்கு அந்த அறை தனக்கு இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. "பைத்தியக்காரி, பைத்தியக்காரி" என்று முதுகில் அடித்துக்கொண்டே அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.