சான் ஃபெர்மினில் கோல் விழாத வருடம்

சான் ஃபெர்மின் ஊரில் நாலு வயதுப் பிள்ளைகள் ஆடும் பந்து, களத்தில் நிற்கிற எல்லாப் பிள்ளைகளின் காலிலும் ஒருமுறையாவது படாமல் கோலுக்குள் போகாது. மாட்டிறைச்சி கிலோ நூற்றெண்பது பெசோ விற்ற ஏப்ரல் மாதத்தில்தான் இது முதலில் தெரிய வந்தது. அன்று கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் பந்து நின்றது. அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தவளைப் போலத் திரும்பியது. பிள்ளைக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியேறி, மூலைக் கொடியருகே தனியாக நின்ற எங்கள் அணிப் பையன் சிரியாகோவின் காலடிக்கு உருண்டுபோய்க் காத்திருந்தது. பின்னாலேயே மற்ற பதின்மூன்று பிள்ளைகளும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். சிரியாகோ கண்ணை மூடிக்கொண்டு அம்மாவிடம் ஓடிவிட்டான். ஆட்டம் கோல் ஏதுமின்றி முடிந்தது.

கிளப் கமிட்டி சும்மா இருக்கவில்லை. தலைவரான கசாப்புக் கடை எவாரிஸ்தோ பந்தைச் செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தார். உள்ளே காற்றுதான் இருந்தது. பைசாந்து நகரத்திலிருந்து வாங்கி வந்த புதுப் பந்து பாலம் தாண்டும்வரை சாதாரணமாக இருந்தது, ஊருக்குள் வந்ததும் அதுவும் கெட்டுப்போனது. எங்கள் ஊரில் மழை வேண்டிக்கூடப் பாதிரியாரைக் கூப்பிடும் வழக்கமில்லை; பந்துக்காகக் கூப்பிட்டார்கள். தீர்த்தம் தெளித்ததில் பந்து நனைந்ததுதான் மிச்சம். பந்து ஏன் இப்படிச் செய்கிறது என்று யாரும் கேட்கவில்லை, சட்டப்படி செல்லுமா என்றுதான் சண்டை. ரெஃப்ரி விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, பந்து தானாகத் திரும்பக் கூடாதென்று எங்கும் எழுதவில்லை, ஆட்டம் நடக்கட்டும் என்றார்.

பதினொரு சனிக்கிழமைகள் அப்படியே போயின. கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கையில் மாத்தே இலைத் தேநீர்க் குவளையுமாகக் கம்பி வேலியோரம் நின்று, "தொடுடா! ஒரே ஒரு தடவை தொடுடா ராசா!" என்று கத்தியே அப்பாக்களின் தொண்டை கட்டிப்போனது. சிரியாகோவுக்கு இனிப்பு வந்தது, பட்டம் வந்தது, ஒரு பண்ணையார் உயிருள்ள ஆட்டுக்குட்டியையே அனுப்பினார். அவன் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிட்டு மூலைக் கொடியருகே போய் நின்றுகொண்டான்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் தெல்மிரா. ஊரின் ஒரே முடிதிருத்தும் கடை அவளுடையது. மாதாமாதம் தங்கள் கழுத்தில் கத்தி வைக்கிறவள் என்பதால் ஆண்கள் அவளிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்கள். தவளை மாதிரித் தாவுவது, விழுந்தவனைத் தூக்கிவிடுவது, தன் முறை வரும்வரை பொறுப்பது, இவ்வளவுதான் அவளுடைய பாடம். கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு கமிட்டி அவளைக் கூப்பிட்டது.

"பையனை வெளிய உக்கார வச்சிரும்மா. களத்துல இல்லேன்னா பந்து அவனைத் தேடாதுல்ல?" என்றார் எவாரிஸ்தோ.

"உக்கார்றதுக்கு அவன் வீட்லயே நாற்காலி இருக்கு, தோன் எவாரிஸ்தோ. இங்க ஓடத்தான் வந்திருக்கான்."

"எங்க ஓடுறான்? நட்டு வச்ச கம்பம் மாதிரி நிக்கிறான். கடைக்கு வர்றவன் கால் கிலோ வாங்கிட்டு அரை மணி நேரம் என்னைக் கிண்டலடிக்கிறான்!"

"அப்ப அரை கிலோவா வாங்கச் சொல்லுங்க."

கடைசி ஆட்டத்திலும் கோல் விழாவிட்டால் சிரியாகோவின் பெயரை அடித்துவிடுவது, தெல்மிராவிடமிருந்து பயிற்சி விசிலை வாங்கிவிடுவது என்று தீர்மானமானது. அவள் கடைக்குத் திரும்பி, தரையில் கிடந்த முடியைப் பெருக்கியபடியே அழுதாள். விசில் போனால் போகட்டும். நாலு வயதில் ஒரு பிள்ளையை ஊரே கூடி வேண்டாமென்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் புல்லில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏன்டா கண்ணு, பந்துன்னா பயமா?"

"பந்து நல்லதுதான்."

"அப்புறம் என்ன?"

"பந்து வந்தா எல்லாரும் பின்னாடியே வர்றாங்களே."

பதினொரு வாரத்தில் ஒருத்தருக்கும், தனக்கும்கூட, இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அந்த வாரம் முழுக்க மற்ற ஆறு பேருக்கும் ஒரே பயிற்சிதான் கொடுத்தாள்: பந்து சிரியாகோவிடம் போனால் அப்படியே சிலையாக வேண்டும், அசைந்தவர் தோற்றார்.

கடைசி ஆட்டம் ஆற்றங்கரைப் பக்கத்து ஊர்க்காரர்களோடு. பத்தாவது நிமிடம் பந்து கோட்டருகே நின்றது, திரும்பியது, சிரியாகோவிடம் போனது. எங்கள் பிள்ளைகள் ஆறு பேரும் சிலையானார்கள். ஒருவன் ஒற்றைக் காலில், இன்னொருத்தி மூக்கில் விரலோடு. இதைப் பார்த்த எதிரணிப் பிள்ளைகள், ஏதோ நல்ல விளையாட்டைத் தவறவிடுகிறோம் என்று நினைத்து அவர்களும் சிலையானார்கள். வேலியோரத்தில் மாத்தே நிரம்பி வழிந்து வெந்நீர் செருப்பில் கொட்டியும் ஒருவரும் முனகவில்லை. எவாரிஸ்தோ மட்டும் கத்த வாயெடுத்தார். தெல்மிரா திரும்பி அவர் கழுத்தைப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

சிரியாகோ ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு மற்றதை. பந்தை ஒருமுறை சுற்றி வந்தான். உதைத்தான்.

பந்து எங்கள் கோலை நோக்கித்தான் போனது. எங்கள் கோல்கீப்பர் சின்னப் பெண். சிலை அல்லவா, கண்ணை மட்டும் உருட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து மெல்ல உருண்டு, கோட்டைத் தாண்டி, வலையில் சாய்ந்தது. திரும்பவில்லை.

ஒன்றுக்குப் பூஜ்யம், எங்களுக்குத் தோல்வி. இரண்டு ஊர் அப்பாக்களும் வேலி ஏறிக் குதித்தார்கள். எவாரிஸ்தோ சிரியாகோவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "அது நம்ம வலைக்குள்ள விழுந்த கோலுங்க!" என்று எவனோ நியாயம் பேச, "கோல்னா கோல்தான்டா, பொத்திக்கிட்டுப் போ!" என்றார். கோல்கீப்பர் பெண், தான்தான் கடைசிவரை அசையவில்லை, தனக்குத்தான் பரிசு என்று அடம்பிடித்தாள். தோள்மேலிருந்த சிரியாகோ தெல்மிராவைத் தேடிக் கையை ஆட்டினான்.

"இன்னொரு தடவை உதைக்கட்டுமா?"

விசில் இருபத்திரண்டு வருடம் தெல்மிராவிடமே இருந்தது. அவள் சொல்லிக்கொடுத்தவர்களில் யாரும் பெரிய ஆட்டக்காரராகவில்லை; சிரியாகோ தானிய லாரி ஓட்டுகிறான். பந்து இன்னமும் அப்படித்தான். வெளியூர்ப் பெற்றோருக்குக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்லும்போது கூடவே இதையும் சொல்லிவிடுகிறோம். சனிக்கிழமை மைதானத்துக்குத் தாமதமாக வருகிறவர்கள் ஸ்கோர் என்னவென்று கேட்பதில்லை. வேலியில் சாய்ந்து, பக்கத்தில் நிற்பவரிடம் மாத்தேயை வாங்கிக்கொண்டே கேட்கிறார்கள்:

"இன்னும் யாரு தொடல?"