அடிக்கணக்கு

தமிழரசு ரிக் வண்டி வீட்டுப் பிள்ளை. அப்பா வடநாடெல்லாம் அந்த வண்டியைக் கொண்டுபோய் ஆழ்துளைக் கிணறு போட்டுச் சம்பாதித்ததில், இவர் திருச்செங்கோட்டில் ஒரு மாடியைப் பிடித்து சாப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்திருந்தார். கோழிப்பண்ணைகளுக்கும் முட்டை லாரிகளுக்கும் கணக்குப் பார்க்கிற சாப்ட்வேர். ஐந்து பேர் வேலை செய்தார்கள், ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஆனாலும் ஒருநாள் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது. ரிக்கில் எத்தனை அடி துளை போட்டார்களோ அதற்குத் தக்கபடி பேட்டா கொடுக்கிறோமே, இங்கே மட்டும் ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி?

சுவரில் ஒரு பலகை ஏறியது. அங்கே இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, ஸ்பிரிண்ட் என்பார்கள். வேலையை டிக்கெட் என்று துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கஷ்டத்தைப் பார்த்து பாயிண்ட் போடுவார்கள். அதுவரை அந்த பாயிண்ட், இவ்வளவையும் முடிக்க முடியுமா என்று குத்துமதிப்பாகப் பார்க்கத்தான் இருந்தது. இப்போது அது ஆள் ஆளாகப் பேருக்கு நேரே ஏறியது. முதலில் வருபவருக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக்காசு. முதல் சுற்று வெள்ளோட்டம். அடுத்த சுற்றில் கடைசியில் நிற்பவர் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெள்ளோட்டத்தில் கடைசியில் நின்றது அறிவுமதி.

யாருக்கு எங்கே சிக்கினாலும் கூப்பிடுவது அவளைத்தான். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பிழை எங்கே என்று காட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து வருவாள். அந்த பாயிண்ட் கூப்பிட்டவர் பேரில் போய்ச் சேர்ந்தது. வெண்ணிலா கெட்டிக்காரி, ஒரு பட்டனுக்கு எட்டு பாயிண்ட் போட வைத்து முதலிடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அறிவுமதி நேரே தமிழரசுவிடம் போனாள்.

"சார், நான் அவிங்களுக்குப் பார்த்துக் குடுத்ததெல்லாம் எதுலீங்க சேரும்?"

"பலகைல இல்லாதது வேலையே இல்லீங்க, அம்மிணி" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வேலை போனால் மறுபடி பெங்களூருக்கு மூட்டை கட்ட வேண்டும், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகளை இங்கே விட்டுவிட்டு. நடக்காது என்று அங்கேயே முடிவு செய்தாள். "சரிங்க சார். அப்படியே செஞ்சர்லாங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

செய்தும் காட்டினாள். காதில் ஹெட்போன், கண்ணில் தன் டிக்கெட். பண்ணையில் முட்டை எண்ணுகிற பகுதி அவளுடையது. அதை லாரிச் சீட்டோடு சேர்க்கிற பகுதி யோகேஷுடையது. புதிதாகச் சேர்ந்த பையன், பயந்த சுபாவம். சுற்று முடியப் போகிற நேரத்தில் அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"அக்கா, பண்ணைக் கணக்கும் லாரிக் கணக்கும் ஒத்து வர மாட்டேங்குதுங்க. செத்த வாரீங்களா?"

"எனக்கு என்ற வேலையே கெடக்குது யோகேசு. நீயே பாரு."

அவன் திரும்பிப் போனான். போகிறவனை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

சுற்று முடிந்தது. அறிவுமதி முதல், யோகேஷ் கடைசி. அன்றைக்கே சின்னண்ணன் வந்தார். நாமகிரிப்பேட்டைப் பக்கம் வரிசையாகக் கொட்டகை வைத்திருக்கிற பண்ணைக்காரர். அவர் தலையாட்டினால் கம்பெனிக்கு இந்த வருஷக் கவலை தீர்ந்தது. பெரிய திரையில் ஒரு லாரி லோடைப் போட்டுக் காட்டினார்கள். சீட்டில் முட்டை குறைந்தது. மறுபடி போட்டார்கள், மறுபடியும் குறைந்தது.

"ஏத்துனது ஒண்ணு, எழுதுனது ஒண்ணா இருக்குதே, சாமி" என்றார் சின்னண்ணன்.

தமிழரசு திரும்பினார். "யாராச்சும் பாருங்கப்பா."

ஒருவரும் அசையவில்லை. "அது என் டிக்கெட் இல்லீங்க சார்" என்றாள் வெண்ணிலா. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, சட்டம் அப்படி. யோகேஷ் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தான். அறிவுமதிக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. எழுந்தாள். ஆனால் அவனிடம் போகவில்லை, பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சார், உங்க ரிக்குல சோறாக்கறவருக்கு எத்தன அடிங்க எழுதுவீங்க?"

பண்ணைக்குப் போர்வெல் போட்டுப் பார்த்த சின்னண்ணன்தான் சிரித்தார். "அடிக்காசு வண்டி ஆளுக அல்லாத்துக்கும் பங்குதானம்மிணி. சோறாக்கறவனுக்கும் சேத்தித்தான்." தமிழரசு வண்டியோடு ஒருநாளும் போனதில்லை. துளை போடுகிற டிரில்லர் கையில் அப்பா பணம் கொடுப்பதைப் பார்த்திருக்கிறார். டிரில்லர் அதை வெளியே போய்ப் பிரிப்பதைப் பார்த்ததில்லை. அந்த அரைப் பார்வையைத்தான் கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்தார்.

"பேரையெல்லாம் அழிங்க சார். டீமுக்கு ஒரே கணக்கா இருக்கட்டும். யாரையும் அனுப்பக் கூடாது. அப்பறம் நான் பாக்கறேன்."

"அம்மிணி, வந்தவிங்க உக்காந்திருக்காங்க..."

"இருக்கட்டுங்க. வெள்ளிக்காசு எனக்குத்தானே வருது? அதும் வேண்டாங்க."

அவர் முகம் சிவந்தது. அவளையும் சின்னண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் பலகையில் இருந்த பேர்களைத் துடைத்தார். அவள் பேர் முதலில் போனது, யோகேஷின் பேர் கடைசியில்.

அறிவுமதி நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உடைசல் முட்டைய நான் பண்ணைப் பக்கமே கழிச்சுட்டேன். நீ லாரிலயும் கழிச்சிருக்கற. அந்த வரிய எடுத்துரு."

எடுத்தான். கணக்கு ஒத்துவந்தது. சின்னண்ணன் தலையாட்டினார், தமிழரசு டீ சொல்லியனுப்பினார், வெண்ணிலாகூடச் சிரித்தாள். யோகேஷ் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவ்வளவுதானுங்களாக்கா, அன்னைக்குச் சொல்ல இருந்தது?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இவ்வளவுதான்" என்றாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.