ரசீதில் விழுந்த மணி

பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் துப்பாக்கி மேகசினை விற்கக் கூடாது என்ற எங்கள் மாநிலச் சட்டத்தை, டிசம்பரில் ஒரு நாள் மதியம் ஒரு மணிக்கு நீதிபதி ரத்து செய்தார். பத்தே நிமிடத்தில் எங்கள் துப்பாக்கிக் கடை வாசலில் வரிசை நின்றது. மேல் நீதிமன்றம் எந்த நிமிடமும் அந்தத் தீர்ப்புக்குத் தடை போடலாம் என்று முதலாளி ஆரின் கணினியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. கல்லாவில் நான்.

"சீக்கிரம் லொரெட்டா, ரசீதைக் கிழிச்சுக் குடு! நாளைக்கு எவனாவது கேட்டா அதுல இருக்கிற மணிதான் சாட்சி."

"கத்தாதீங்க, எனக்கு ரெண்டு கைதான்."

ஒன்று நாற்பதுக்கு "நிறுத்து!" என்று அலறினார். தடை வந்துவிட்டது. வரிசையில் மிச்சம் நின்றவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனார்கள். வாங்கிய பத்தொன்பது பேரும் தடைக்கு முன்பே வாங்கியவர்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைசி ரசீதின் நகலைப் பார்த்தேன். மணி 2:38.

வருடாவருடம் போல நவம்பரில் குளிர்கால நேரத்துக்காக ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியபோது, "கல்லா மிஷினை அடுத்த வாரம் மாத்திக்கலாம்" என்றவர் இவர்தான்.

"ஆரின், நீங்க சொன்ன சாட்சி பத்தொன்பது பேர் பையில வீட்டுக்குப் போயிடுச்சு," என்றேன். "எல்லாம் நமக்கு எதிரா."