அப்பாதுரை சொல்ல வேண்டிய வசனம்

1

கேட்டது கதை இல்லை, கட்டுரை. சிற்றிதழ் நடத்தும் நண்பர் ஒருவர், இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் ஓரங்க நாடகங்களில் பத்தைப் பரிந்துரைத்து ஆறு பக்கம் எழுதச் சொன்னார். இந்த 1986ல் ஓரங்க நாடகத்துக்கு ஆறு பக்கம் ஒதுக்கும் ஆசிரியர் குதிரைக்கொம்பு. உடனே ஒப்புக்கொண்டேன். முதல் இரண்டு நாடகங்களைப் பற்றி ஒருவழியாக எழுதினேன். மூன்றாவதுக்கு வந்தபோது, "சமகால நாடகாசிரியரைப் பரிந்துரைப்பதில் உள்ள பெரிய வசதி என்னவென்றால்" என்று தொடங்கினேன்.

அந்த வாக்கியம் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. வசதி ஒன்றும் தோன்றவில்லை, ஆபத்துதான் தோன்றியது. பழைய நாடகத்தில் வரும் ராஜா செத்து மண்ணோடு மண்ணாகியிருப்பான். அவனைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். இன்றைய நாடகத்தில் வருகிற ஆள் உயிரோடு இருப்பான். சீட்டு வாங்கி முன்வரிசையில் உட்காருவான். சில சமயம் மேடையிலேயே ஏறிவிடுவான்.

[கட்டுரை இங்கே நின்றது. ஆசிரியர் பொறுத்தருள வேண்டும்.]

2

கட்டுரைக்குப் பதில் ஒரு கதை. தொடக்கம், முதல் முயற்சி: "மலைமேல் மேகம் கவிந்திருந்த ஒரு மாலையில் திருவண்ணாமலை…"

வேண்டாம். மலையை வைத்துத் தொடங்கினால் வாசகர் கை கூப்பிவிடுவார். கூப்பிய கையால் பக்கம் புரட்ட முடியாது.

இரண்டாவது முயற்சி: "நசீருதீன் நல்ல மனிதர்."

அதை முடிவுசெய்ய வேண்டியது நீங்கள். நான் முந்திக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது: 1978ல் நசீருதீன் திருவண்ணாமலையில் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். (இருந்திருக்கலாம் என்று படியுங்கள். இது நான் கட்டுகிற கதை.) ஆண்டுவிழாவுக்கு நாடகம் போடுகிற மன்றத்தார் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். "நல்லதா ஒண்ணு சொல்லுங்க பாய்" என்பார்கள். நல்லது என்றால் என்னவென்றும் கூடவே சொல்லிவிடுவார்கள். முக்கால் மணிக்குள் முடிய வேண்டும். ராஜா உடுப்பு கூடாது, வாடகை கட்டாது. பெண் வேஷம் கூடவே கூடாது, வெளியூரிலிருந்து நடிகையை அழைத்துவந்தால் யார் வீட்டில் தங்கவைப்பது? இலக்கியத்தை இப்படியா அளப்பது என்று சிரிக்கலாம்தான். ஆனால் பத்திரிகையில் பரிந்துரைக்கும்போது நான் வைத்துக்கொள்கிற அளவுகோல் இதைவிட உசத்தி என்று என்னால் சொல்ல முடியாது.

அந்த வருஷம் அவர் கண்ணில் பட்டது ஒரு சிறு பத்திரிகையில் வந்த 'பெங்களூர் பஸ்'. எழுதியவர் கஸ்தூரி, கீழ்பென்னாத்தூர்க்காரர். திருவண்ணாமலையில் பள்ளிக்கூட ஆசிரியை. இரண்டே பேர் நடிக்கிற நாடகம். ஊரைவிட்டுப் போன மகன் வருவான் என்று தினமும் பஸ் நிலையத்தில் வந்து நிற்கிறார் ஒரு தகப்பன். அங்கே ஒரு டீக்கடைக்காரன். நாடகம் முழுக்க மகனைப் பற்றி ஆசையாசையாகப் பேசுகிறார் தகப்பன். முடிவில் டீக்கடைக்காரன் தாங்க முடியாமல் சொல்லிவிடுகிறான்: "ஒம் பையன் செத்துட்டான்யா. ஊருக்கே தெரியும். ஒனக்குத்தான் யாரும் சொல்லல." தகப்பன், "சரி, பஸ் வர்ற நேரமாச்சி" என்று பாதைப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். திரை.

படித்து முடித்த நசீருதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். பெண் வேஷம் இல்லை என்பது அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

3

நசீருதீன் அந்த நாடகத்தை எடுத்துக் கொடுத்து, ஒத்திகையும் பார்த்துக்கொண்ட மன்றத்தில் யாரிடமும் முழு நாடகத்தைக் கொடுக்கிற வழக்கம் கிடையாது. அவரவர் வசனத்தை மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். மற்றவன் பேசுவதில் கடைசி இரண்டு சொல் மட்டும் இருக்கும், எங்கே வாய் திறப்பது என்று தெரிவதற்காக. அதற்குப் 'பாடம்' என்று பெயர். இரண்டு வாரம் தனித்தனியாக உருப்போட்டு, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டு ஒத்திகை. கதை என்னவென்று நடிகர்களுக்குத் தெரிவதே அன்றைக்குத்தான்.*

தகப்பன் வேஷம் அருணகிரிக்கு. அரிசி மில்லில் மேஸ்திரி. மிஷின் ஓடும்போதே பேசிப் பேசி, ஊரிலேயே கணீரென்ற குரல் அவருடையது. டீக்கடைக்காரன் வேஷம் அப்பாதுரைக்கு, ஜவுளிக்கடையில் இருப்பவர். ஒத்திகையை நாலு மணிக்கே வைக்கச் சொன்னது அருணகிரி. ஏழு மணிக்கு அவருக்கு வேலை இருக்கிறதாம். என்ன வேலை என்று நசீருதீன் கேட்டுக்கொள்ளவில்லை.

* கேலியாகத் தோன்றினால், உங்கள் வீட்டில் இருப்பவர்கள் தனியாக இருக்கும்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். நமக்கும் நம் பாடம் மட்டும்தான் தெரியும்.

4

கூட்டு ஒத்திகைக்கு முந்தின ஞாயிறு, தன் நாடகத்தை யார் போடுகிறார்கள் என்று பார்க்கக் கஸ்தூரி மன்றத்துக்கு வந்தாள். வாசலில் அருணகிரி நடந்துகொண்டே உருப்போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"சார், இவரா நடிக்கிறாரு?"

"ஆமா டீச்சர். இவரைவிட்டா ஆள் ஏது?"

"வேற யாரையாவது போடுங்க சார்."

"ஏம்மா?"

"இவரைப் பாத்துத்தான் எழுதினேன்."

தினமும் ஏழு மணிக்கு ஊருக்குப் போக அவள் பஸ் நிலையத்தில் நிற்பாள். அப்போது பெங்களூர் பஸ் வரும். "எறங்கற ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாப்பாரு சார். எல்லாரும் எறங்கினப்புறம் உள்ள ஏறி, சீட்டு சீட்டா பாத்துட்டு எறங்குவாரு. கண்டக்டரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. மகனைத் தேடறாருன்னு அங்க சொல்லிக்கிட்டாங்க. பேரு ஊரு ஒண்ணும் எனக்குத் தெரியாது."

நசீருதீனுக்குப் பேரும் ஊரும் தெரியும், பஸ் நிலையத்தில் நிற்பதுதான் தெரியாது. நூலகம் பூட்ட எட்டு மணி ஆகும். மகன் பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான் என்றுதான் அருணகிரி எல்லாரிடமும் சொல்லிவந்தார். அடித்துத் துரத்திவிட்டார், கடுதாசிகூட வருவதில்லை என்று ஊரில் பேச்சு உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று நசீருதீன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அப்ப, பையன் செத்துட்டான்னு?"

"அது நானா எழுதினது சார்." அவள் கண் கலங்கியது. "நாடகம் முடியணுமில்ல."

[இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் திரும்பி வந்தேன்.]

5

"முடிவை மாத்திடறேன் சார்" என்றாள். "பையன் பஸ்லேர்ந்து எறங்கட்டும். ஒரே ஒரு வசனம்தான், இப்பவே எழுதித் தந்துடறேன்."

நசீருதீன் தலையை ஆட்டவில்லை. "மேடையில எறங்கிடுவான்மா. மறுநாள் ஏழு மணிக்கு?"

அவள் எடுத்த பேனாவை மூடினாள். அந்த மறுநாளை என்னாலும் எழுத முடியவில்லை. மகனைக் கொன்றால் ஒரு பாவம், திருப்பிக் கொண்டுவந்தால் அதைவிடப் பெரிய பாவம். நாடகம் நன்றாக இருக்கிறது என்று சொன்னதைத் தவிர நசீருதீன் செய்த தப்பு ஒன்றுமில்லை, ஆனால் மாட்டிக்கொண்டது அவர்தான். இரண்டு நாள் கழித்து மில்லுக்குப் போனார்.

"மேஸ்திரி, முழு நாடகத்தையும் ஒருவாட்டி படிச்சிடுங்களேன்."

"எதுக்கு பாய்? என் பாடம் எனக்கு வந்துடுச்சி."

"முடிவு கொஞ்சம் ஒரு மாதிரி. வேணும்னா வேற எடுத்துக்கலாம். ரேஷன் கடை நாடகம் ஒண்ணு இருக்குது. சிரிப்பு ஜாஸ்தி."

அருணகிரி கையிலிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார். "கடைசியில அந்த ஆளு இன்னா சொல்றான்? பஸ் வர்ற நேரமாச்சின்னுதான?"

"ஆமா."

"போறான் இல்ல, பஸ்ஸைப் பாக்க?"

"போறாரு."

"அப்ப சரி. நடுவுல டீக்கடைக்காரன் இன்னா வேணா சொல்லிட்டுப் போவட்டும் பாய். எனக்கு இன்னா?"

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? பத்துத் தடவை எழுதிப் பார்த்தும் அவர் முகத்திலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. நான் உண்டாக்கிய ஆள்தான், இருந்தும் தன் பாடத்துக்கு மேல் என்னிடம் ஒரு சொல் பேச மறுக்கிறார். அவரை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

6

முடிவுகள்:

(அ) ரேஷன் கடை நாடகம் போடுகிறார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அருணகிரி ஏழு மணிக்குக் கிளம்பிப் போகிறார். [இதில் யாருக்கும் காயமில்லை. நாடகம் ஒன்றுதான் செத்தது. அதையாவது காப்பாற்றத்தானே நான் இந்தக் கட்டுரையை ஒப்புக்கொண்டேன்?]

(ஆ) மகன் நிஜமாகவே வந்துவிடுகிறான். [இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். அருணகிரி முகத்தை எழுத முடிந்தது. பையனுக்கு முகமே வரவில்லை. அவன் இருக்கிறானா என்பது எனக்கும் தெரியாது.]

(இ) அருணகிரி மேடையிலேயே

[இல்லை. மாட்டேன்.]

7

ஆகவே கூட்டு ஒத்திகை. மணி நாலு. அப்பாதுரை பெஞ்சின்மேல் டீக்கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார். தான் சொல்ல வேண்டிய வசனத்தை இரண்டு வாரமாக உருப்போட்டவர். காலையில்தான் நசீருதீனிடம் வந்து, "இத அவர் மூஞ்சிக்கு நேரா நான் எப்படி பாய் சொல்லுவேன்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கஸ்தூரி கடைசி நாற்காலியில். நசீருதீன் கதவோரம், நின்றபடி.

அருணகிரி தோளில் துண்டு போட்டுக்கொண்டு பேசுகிறார். மகனுக்குப் பிடித்த பண்டம், மகன் நடக்கிற நடை, மகனுக்குப் பார்த்து வைத்திருக்கும் பெண். ஒரு சொல் பிசகவில்லை. அந்தக் குரல் இவ்வளவு மெதுவாகவும் பேசும் என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பேசி முடித்து அப்பாதுரையைப் பார்க்கிறார்.

அப்பாதுரை வாயைத் திறக்கிறார். குரல் வரவில்லை.

நசீருதீன் குறுக்கே புகுந்து நிறுத்தலாம். கஸ்தூரி எழுந்து வேறு ஒரு வசனம் எடுத்துக் கொடுக்கலாம். இரண்டு பேரும் அசையவில்லை.

"சொல்லு அப்பாதுரை" என்கிறார் அருணகிரி. "நீ சொன்னாத்தான நான் பேச முடியும்."

கஸ்தூரி நசீருதீனைப் பார்க்கிறாள். நசீருதீன் என்னைப் பார்க்கிறார். எனக்குப் பார்க்க உங்களைத் தவிர ஆள் இல்லை. அப்பாதுரையின் வசனத்தை இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். கஸ்தூரி எழுதியதையே சொல்லலாம், மாற்றியும் சொல்லலாம், எதைச் சொன்னாலும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் காகிதத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் உங்களுக்காகத்தான் நிற்கிறார்.