கலவை மெஷின் பக்கத்தில் ஒரு தீபாவளி

எங்கள் சைட்டு நாய்க்கு சூப்பர்வைசர் என்று பேர். ஒரு வேலையும் செய்யாது, எல்லா இடத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு நிழலில் படுத்துக்கொள்ளும் என்று என் சம்சாரம் சரோஜா வைத்த பேர் அது. நிஜ சூப்பர்வைசர் வந்தால் மட்டும் "ஏய்" என்று கூப்பிடுவோம்.

அணுமின் நிலையத்து ஆட்களுக்காக அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த காலம். ஒரு பக்கம் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள், மறுபக்கம் நாங்கள் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். நான் கலவை சுமக்கிறவன், சரோஜா சித்தாள். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். காவலுக்கு நாங்கள் இரண்டு பேரும், ரிப்பேர் பார்த்த என்ஜினை ஓட்டிப் பார்க்க மெஷின்கார ரவிச்சந்திரனும்தான் மிச்சம்.

போன தீபாவளிக்கு சூப்பர்வைசர் வெடிக்குப் பயந்து ரோட்டுக்கு ஓடி, ஏதோ வண்டியில் அடிபட்டது. அன்றிலிருந்து பின்னங்கால் ஒன்றை இழுத்துத்தான் நடக்கும். இந்த வருஷம் நாலு குட்டி வேறு, ஒன்றும் இன்னும் கண் திறக்கவில்லை. தாய் ஓடிவிட்டால் அதுகளுக்குப் பால் ஏது?

குட்டி போட்டது கலவை மெஷினுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் மறைவில் இருந்த மணலில். திறந்த இடம், ராக்கெட் வந்து விழும் என்று, மத்தியானமே தாயையும் குட்டிகளையும் சிமெண்ட் ரூமுக்கு மாற்றினேன். ஜன்னலில் சாக்கு அடைத்தேன். மூட்டைகளைச் சுற்றி அடுக்கி நடுவில் பழைய புடவையை விரித்தேன்.

"இன்னா அண்ணாத்த, பிரசவ ஆஸ்பத்திரி கட்டிகினு கீற?" என்றான் ரவிச்சந்திரன்.

"உன் வேலையப் பாருடா."

"இந்த மாதிரி ரூமு எனக்குக் கூட இல்ல."

உள்ளே நின்று பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. எனக்கே அங்கே படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் மழை விட்டதும் ஆரம்பித்தார்கள். சம்பளக்காரர் வீடுகள், பட்டாசுக்குக் குறைவில்லை. முதல் அணுகுண்டு வெடித்ததும் உள்ளே கதவைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் சூப்பர்வைசர் நடுங்கிக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக, குட்டிகள் மேலேயே மிதித்துச் சுற்றி வருகிறது. அமைதியாக இருக்கிற ரூமில் ஒவ்வொரு வெடியும் தனித்தனியாக இடித்தது. சரோஜா சோறு வைத்தாள். மோந்து கூடப் பார்க்கவில்லை.

"கட்டிப் போடலாமா?" என்றேன்.

"கயித்த இறுக்கிகினு சாவும். வேணாம்யா."

அவள் திரும்புவதற்குள் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு கதவிடுக்கில் நுழைந்து வெளியே போய்விட்டது. ரோட்டைப் பார்த்துத்தான் ஓடியது. நான் மண்ணில் சறுக்கிச் சறுக்கிப் பின்னால் ஓடினேன். கால் இழுக்கிற நாயைக் கூடப் பிடிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ரவிச்சந்திரன் ஹேண்டிலைப் போட்டு என்ஜினைக் கிளப்பினான். டக டக டக என்று புகையைக் கக்கிக்கொண்டு மெஷின் சுற்ற ஆரம்பித்தது.

நான் கத்தினேன். "நிறுத்துடா, அதுவே பேஜாருல கீது, நீ வேற!"

அவன் காதில் விழவில்லை. ஆனால் நாய் நின்றுவிட்டது. காதைத் தூக்கி மெஷின் பக்கம் பார்த்தது. பிறகு குட்டியோடு திரும்பி, என்னைத் தாண்டிப் போய், தார்ப்பாய்க்குள் நுழைந்து மணலில் அதை இறக்கியது. சரோஜா மற்ற மூன்றையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் விட்டாள்.

சரவெடி தடதடவென்று வெடித்தது. டக டக டக சத்தத்தில் அது பாதிக்கு மேல் காணாமல் போனது. சூப்பர்வைசர் படுத்துவிட்டது. குட்டிகள் பாலுக்கு முட்டின.

"பொறந்ததுலருந்து இந்த சத்தத்துலயே தூங்கினு இருந்த நாய் அது," என்றாள் சரோஜா. "நீ கொண்டு போயி பாழும் கெணத்துல போட்ட மாதிரி போட்டுட்ட."

நான் தார்ப்பாயின் ஓரத்தை இறக்கிவிட்டேன்.

எதிர் குவார்ட்டர்ஸ் கோபாலகிருஷ்ணன் சார் குடையோடு வந்தார். கக்கத்தில் ஒரு வெள்ளைப் பொமரேனியன். "தீபாவளி அன்னிக்குமா மிஷினை ஓட்டுவீங்க? ஏற்கெனவே இது ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கிச்சு."

தார்ப்பாயைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். கோபம் போய்விட்டது. தன் நாயையும் பக்கத்தில் இறக்கிவிட்டார். அது மெஷினைப் பார்த்ததும் அலறிக்கொண்டு அவர் தோளில் ஏறி, குடையைத் தட்டிவிட்டது.

"எங்க மிஷின் அதுக்குப் பழக்கமில்ல சார்," என்றான் ரவிச்சந்திரன். "உங்க வூட்டு மிஷின் எதுனா போடுங்க."

சார் சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு ஜன்னலில் நின்று கைகாட்டினார். பின்னால் இட்லி கிரைண்டர் ஓடுகிறதாம், அதன் காலடியில் நாய் சுருண்டு கிடக்கிறதாம். "வீட்டுக்காரி அமிர்தவல்லி திட்டறா," என்று கத்தினார். "இப்பத்தான் கழுவி வெச்சாளாம்."

வெடி ஓய்ந்து, ஊசிவெடி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டபோது ரவிச்சந்திரன் என்ஜினை நிறுத்தினான். காது கொய்யென்றது. எனக்கு மறுபடி பயம். தார்ப்பாயைப் பார்த்தபடியே நின்றேன்.

தினமும் மெஷின் நின்றால் வேலை முடிந்தது, சட்டியில் சோறு விழும் என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். எழுந்து முதுகை நெளித்து, காலை இழுத்துக்கொண்டு சரோஜாவிடம் போய் நின்றது.

சாயங்காலம் வைத்த அந்தச் சோறு ஆறிப் போயிருந்தது. அவள் கொஞ்சம் சூடான குழம்பை அதன் மேல் ஊற்றினாள்.